இழைமணி நோயில் மூளைப் பாதிப்பை அளக்க எது: முள்ளந்தண்டு நீரா, இரத்தமா, ஸ்கேனா?

கிளினிக் கொப்பியில் “மைட்டோகொண்ட்ரியல் நோயா?” என்று கேள்விக்குறியோடு எழுதியாயிற்று. கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகள் (மைட்டோகொண்ட்ரியா) பழுதாகும் நோய் அது. அடுத்து வீட்டாரிடம் வருவது பெரும்பாலும் முள்ளந்தண்டில் தண்ணி, அதாவது மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் நீர், எடுப்பது பற்றிய பேச்சுத்தான். எடுப்பதா, வேண்டாமா? எடுத்தால் எதையெல்லாம் அளப்பது? இரத்தத்தில் பார்த்தால் போதாதா? ஸ்கேனில் தெரியாதா? கொழும்பில் இருக்கும் குடும்பங்களுக்கும், அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய இளம் வைத்தியர்களுக்கும் இந்தத் தெரிவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நோயின் பெயரைக் கண்டுபிடிக்க முள்ளந்தண்டு நீர் சிறந்த வழியல்ல. அது மரபணுப் பரிசோதனையின் வேலை. முள்ளந்தண்டு நீர் வேறு மூன்று கேள்விகளுக்குப் பதில் தரும். மூளைக்குள் இப்போது சக்தித் தட்டுப்பாடு இருக்கிறதா? நரம்பு நார்கள் அழிந்துகொண்டிருக்கின்றனவா? மருந்து கொடுத்துச் சரிசெய்யக்கூடிய குறை ஏதும் மறைந்திருக்கிறதா? மூன்றாவது கேள்விக்காக என்றால் தயங்காமல் எடுக்கலாம். இரண்டாவது கேள்விக்காக மட்டும் என்றால் பெரும்பாலானோருக்கு இரத்தமே போதும்.

லக்டேட்டும் அதனோடு வரும் சாதாரண அளவுகளும்

இழைமணியில் சக்தியை உண்டாக்கும் சுவாசச் சங்கிலி தடைப்பட்டால் குளுக்கோஸ் பைருவேட் வரைக்கும் உடைந்து, அங்கிருந்து லக்டேட்டாகக் குவிகிறது. இரத்தத்திலுள்ள லக்டேட் மூளைக்குள் மெதுவாகத்தான் கடக்கும். ஆகவே முள்ளந்தண்டு நீரில் கூடிக் காணும் லக்டேட் பெரும்பாலும் மூளையே உண்டாக்கியது. இரத்த லக்டேட் சரியாக இருக்கும்போதே முள்ளந்தண்டு நீரில் மட்டும் கூடியிருக்கும் நோயாளிகள் இருப்பது இதனால்தான். இரத்த லக்டேட் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். கையில் பட்டியை இறுக்கி, அழுது துடிக்கும் பிள்ளையிடமிருந்து மூன்றாம் குத்தில் எடுத்த இரத்தத்தில் லக்டேட் கூடியிருந்தால், அந்த முடிவை வைத்து எதையும் சொல்ல முடியாது.

முள்ளந்தண்டு நீரில் வழமையான அளவு ஏறக்குறைய 1.1 முதல் 2.2 மில்லிமோல்/லீற்றர். வயதுக்கும் ஆய்வுகூடத்துக்கும் ஏற்ப மேலெல்லை சற்று மாறும். 3, 4 என்று வரும்போது சந்தேகம் வலுக்கிறது. ஆனாலும் இந்த அளவைத் தனியாக வாசிக்கவே கூடாது. பக்டீரியா மூளைக்காய்ச்சலில் அது 3.5ஐத் தாண்டும். நீண்ட வலிப்பு, பாரிசவாதம், மூளையில் இரத்தக் கசிவு ஆகியவற்றிலும் கூடும். எனவே கல எண்ணிக்கை இல்லாத லக்டேட் முடிவுக்குப் பெறுமதி இல்லை. வலிப்பு வந்து எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்தது என்பதையும் படிவத்தில் எழுத வேண்டும். மறுபக்கமாக, லக்டேட் சரியாக இருப்பதால் இழைமணி நோய் இல்லையென்று ஆகிவிடாது. இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் “நோமல்” என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு கிளினிக்குக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

லக்டேட்டையும் பைருவேட்டையும் விகிதமாகப் பார்ப்பது புத்தகத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில் பைருவேட் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். நோயாளியின் கட்டிலடியிலேயே பெர்குளோரிக் அமிலத்தில் கலந்து ஐஸில் வைக்காவிட்டால் விகிதம் பொய்யாகக் கூடும். ஆய்வுகூடம் அமிலம் இட்ட குழாயைத் தயாராகக் கொடுத்தாலன்றி அதைக் கேட்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

குளுக்கோஸும் புரதமும் எந்தப் பெரிய வைத்தியசாலையிலும் அன்றே கிடைத்துவிடும் என்பதால் அவற்றை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அது பிழை. முள்ளந்தண்டு நீர் குளுக்கோஸ் 2.2 மில்லிமோல்/லீற்றருக்குக் கீழே இறங்கி, லக்டேட்டும் குறைந்தே இருந்தால், அது இழைமணி நோயைப்போலத் தோற்றமளிக்கும் இன்னொன்றாக இருக்கலாம்: குளுக்கோஸை மூளைக்குள் கடத்தும் குளுட்-1 புரதத்தின் குறைபாடு. மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோன் உணவுமுறை அதற்குச் சிறந்த சிகிச்சை. இதைப் பிடிக்க வேண்டுமானால் இரத்த குளுக்கோஸை ஊசி போடுவதற்கு முன்னரே எடுத்துவிட வேண்டும். ஊசிக்குப் பயந்து அழும்போது இரத்த குளுக்கோஸ் ஏறும். பிறகு எடுத்தால் விகிதம் கெட்டுவிடும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் வழமையாக 0.6 அளவில் இருக்கும்.

புரதத்தின் அளவு பெரியவர்களில் 0.15 முதல் 0.45 கிராம்/லீற்றர். கேர்ன்ஸ்-சேயர் என்ற இழைமணி நோயில் அது 1 கிராமைத் தாண்டலாம். 20 வயதுக்கு முன் தொடங்கும் கண்ணிமைச் சரிவும் கண் அசைவுக் குறைவும், விழித்திரையில் நிறமிப் படிவும் உள்ளவரிடம் 1 கிராமுக்கு மேற்பட்ட புரதம் இருந்தால், அது அந்த நோயை உறுதிசெய்யும் அளவுகோல்களில் ஒன்று. இருதய மின்கடத்தல் தடையும், சிறுமூளைத் தள்ளாட்டமும் மற்ற இரண்டு. ஆய்வுகூட அறிக்கை மில்லிகிராம்/டெசிலீற்றரில் வந்தால் 100ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும்போது இரத்தம் கலந்திருந்தால், ஒரு மைக்ரோலீற்றரிலுள்ள ஒவ்வொரு 1,000 செங்குழியங்களுக்கும் ஏறத்தாழ 0.01 கிராமைக் கழித்துப் பார்க்கலாம்.

மருந்து கொடுக்க வைக்கும் ஒரே அளவு

முள்ளந்தண்டு நீரில் பார்க்கக்கூடியவற்றுள் சிகிச்சையை நேரடியாக மாற்றுவது, எங்கள் பார்வையில், 5-மெதில்டெட்ராஹைட்ரோஃபோலேட் என்ற ஃபோலேட் விற்றமின் வடிவம். இரத்தத்திலிருந்து ஃபோலேட்டை மூளைநீருக்குள் ஏற்றும் வேலையை மூளையறைகளிலுள்ள கோரொயிட் பின்னல் செய்கிறது. அதற்குச் சக்தி வேண்டும். இழைமணிகள் பழுதானால் அந்த ஏற்றம் தளர்கிறது. இரத்தத்தில் ஃபோலேட் நிறைய இருக்க, மூளை மட்டும் பஞ்சத்தில் கிடக்கும். கேர்ன்ஸ்-சேயர் நோயில் இது அடிக்கடி காணப்படுகிறது. வேறு சில இழைமணி நோய்களிலும் உண்டு. இரத்த ஃபோலேட் பரிசோதனை இதைப் பிடிக்காது, ஸ்கேனும் பிடிக்காது.

சிகிச்சை ஃபோலினிக் அமிலம். ஃபார்மசியில் எங்கும் கிடைக்கும் ஃபோலிக் அமிலம் அல்ல. இரண்டின் பெயரும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. தவறு நடப்பதும் அங்கேதான். ஃபோலிக் அமிலம், மூளைக்குள் ஃபோலேட்டை ஏற்றும் வாங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நல்ல வடிவத்தின் வழியை அடைக்கக்கூடும். துண்டில் “கல்சியம் ஃபோலினேட்” என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்; வீட்டில் ஏற்கெனவே விழுங்கும் விற்றமின் வில்லைகளில் ஃபோலிக் அமிலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் அதிக அளவு மெதொட்ரெக்சேட் கொடுத்த பிறகு மீட்பு மருந்தாகக் கொடுப்பது இதே கல்சியம் ஃபோலினேட்தான். சாதாரண ஃபார்மசியில் இல்லையென்றால் புற்றுநோய் மருந்துகள் வைத்திருக்கும் இடங்களில் விசாரிக்கலாம்.

அப்படியானால் ஊசியே போடாமல் ஃபோலினிக் அமிலத்தைத் தொடங்கிவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைட்டோகொண்ட்ரியல் மெடிசின் சொசைட்டி 2015இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும், ஃபோலேட் குறைவோடு சேர்ந்து வரும் என்று தெரிந்த இழைமணி நோய்களில் அதை வழமையாகக் கொடுக்கலாம் என்கிறது. மரபணு ஏற்கெனவே உறுதியாகிவிட்ட ஒருவருக்கு ஊசி ஆபத்தென்றால் அந்த வழியே சரி. ஆனால் நோய் உறுதியாகாதவரிடம், அல்லது மருந்தின் அளவைக் கூட்டுவதா விடுவதா என்று பின்னர் தீர்மானிக்க வேண்டியவரிடம், மருந்துக்கு முந்திய ஓர் அளவு கையில் இருப்பது பெரிய உதவி. மருந்து தொடங்கிய பிறகு அதை எடுக்கவே முடியாது. வல்புரோவேட், மெதொட்ரெக்சேட், லெவோடோபா-கார்பிடோபா ஆகியவையும் இந்த அளவைக் குறைக்கக்கூடும் என்பதால் மருந்துப் பட்டியலைப் படிவத்தோடு அனுப்ப வேண்டும்.

நரம்பழிவை நேரே அளக்கும் புரதங்கள்

இப்போது அதிகம் பேசப்படுவது நியூரோஃபிலமென்ட் லைட், சுருக்கமாக என்.எஃப்.எல். நரம்பு நாரின் உள்ளே அதன் வடிவைத் தாங்கி நிற்கும் புரதம் இது. நார் உடைந்தால் முள்ளந்தண்டு நீருக்குள் கசியும். அங்கிருந்து மிகச் சிறிய பங்கு இரத்தத்துக்கு வரும். கூடவே பார்ப்பவை இரண்டு: நரம்புக் கலத்திலிருந்து வரும் டாவ், மூளையின் தாங்கு கலங்களான அஸ்ட்ரோசைட்டுகளிலிருந்து வரும் ஜி.எஃப்.ஏ.பி. சுவீடனின் கோதன்பேர்க் குழு இந்த மூன்றையும் இழைமணி நோயாளிகளின் முள்ளந்தண்டு நீரில் அளந்து, என்.எஃப்.எல். அளவுக்கும் உயிர்பிழைத்திருக்கும் காலத்துக்கும் தொடர்பு இருப்பதை 2019இல் வெளியிட்டது. நோர்வேயின் பேர்கன் குழு இரத்தத்தில் பார்த்தபோது, மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் என்.எஃப்.எல். உயர்ந்திருந்தது, ஜி.டி.எஃப்-15, எஃப்.ஜி.எஃப்-21 என்ற வேறு இரண்டு இரத்தப் புரதங்களும் தசைப் பாதிப்போடு கூடுதலாக ஒத்துப்போயின.

இந்தப் பிரிவு முக்கியம். ஜி.டி.எஃப்-15 கூடியிருப்பது “உடலில் எங்கோ இழைமணிகள் அழுத்தத்தில் இருக்கின்றன” என்று சொல்லும். மூளை அடிபடுகிறதா என்று அது சொல்லாது. நீரிழிவு, சிறுநீரக நோய், ஈரல் நோய், இருதயத் தளர்வு, கர்ப்பம் எல்லாவற்றிலும் அது ஏறும். மெட்ஃபோர்மின் குடிப்பவரிடமும் ஏறும். இழைமணி டி.என்.ஏ.யில் வரும் எம்.3243 ஏ-ஜி என்ற மரபணு மாற்றம் (விகாரம்) உள்ளவர்களில் பலருக்கு நீரிழிவு இருக்கும். நம் ஊரில் நீரிழிவுக்கு முதலில் எழுதப்படுவது மெட்ஃபோர்மின். ஆகவே அவர்களின் ஜி.டி.எஃப்-15 அளவை நம்பி முடிவெடுப்பது கடினம்.

என்.எஃப்.எல். அளவின் பலவீனங்களும் தெரிந்திருக்க வேண்டும். அது எந்த நோய் என்று சொல்லாது: பல்கூறு வன்மை நோய், இயக்க நரம்பு நோய், தலையடி, பாரிசவாதம் எல்லாவற்றிலும் கூடும். வயதோடு தானாகவே ஏறும். சிறுநீரகம் பழுதானால் இரத்த அளவு பொய்யாக உயரும்; உடல் பருத்தவரில் இரத்தம் ஐதாகி அளவு குறைந்து காட்டும். கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டாலும் இரத்த அளவு கூடும். பி.ஓ.எல்.ஜி. என்ற மரபணு பழுதாவதால் வரும் இழைமணி நோயில் அந்த நரம்புப் பாதிப்பு அடிக்கடி வருவதால், மூளையிலிருந்து வந்ததா காலிலிருந்து வந்ததா என்று இரத்தத்தை வைத்துப் பிரிப்பது சிரமம். முள்ளந்தண்டு நீருக்கு உண்மையான மேன்மை இருக்கும் இடம் அதுதான்.

காலக்கணக்கும் வேறு வேறு. பெரும்பாலும் எம்.3243 விகாரத்தால் வரும் மெலாஸ் என்ற இழைமணி நோயுள்ளவருக்குப் பாரிசவாதம் போன்ற தாக்கம் வந்தால் ஜி.எஃப்.ஏ.பி. மணித்தியாலங்களிலும் டாவ் நாட்களிலும் ஏறும். என்.எஃப்.எல். வாரக்கணக்கில் ஏறி, மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும். தாக்கம் வந்த மூன்றாம் நாள் எடுத்த என்.எஃப்.எல். சேதத்தைக் குறைத்துக் காட்டும்; இரண்டாம் மாதம் எடுத்தது, நோய் அடங்கியிருந்தாலும், இன்னும் எரிவதுபோல் காட்டும். அடிப்படை அளவு வேண்டுமென்றால் கடைசித் தாக்கத்திலிருந்து ஆறு மாதமாவது விடுங்கள்.

ஊசிக்கு எதிரான வாதம் இங்கேதான் வலுவாகிறது. என்.எஃப்.எல். ஒரு தடவை அளந்து வைப்பதற்கல்ல, காலத்தோடு ஒப்பிடுவதற்கே நல்லது. வருடாவருடம் முள்ளந்தண்டில் ஊசி போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கத் தேவையுமில்லை. மிக நுண்ணிய அளவைப் பிடிக்கும் சிமோவா போன்ற முறைகள் வந்த பிறகு இரத்த அளவு முள்ளந்தண்டு நீர் அளவோடு நன்றாக ஒத்துப்போகிறது. இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது: எஸ்.ஓ.டி.-1 வகை இயக்க நரம்பு நோய்க்கான டோஃபெர்சன் மருந்துக்கு அமெரிக்கா 2023இல் விரைவு அனுமதி கொடுத்தது என்.எஃப்.எல். குறைந்ததை வைத்துத்தான். ஆனால் இழைமணி நோயில், என்.எஃப்.எல். எண்ணைப் பார்த்து ஒரு மருந்தைத் தொடங்கு, இன்னொன்றை நிறுத்து என்று சொல்லும் விதி இன்று இல்லை. குடும்பம் கைக்காசு செலவழித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் இதை அறிந்திருக்க வேண்டும்.

அளக்கும் முறையை நடுவில் மாற்றாதீர்கள். ஒரு நிறுவனத்தின் கருவியில் வந்த எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது. பிக்கோகிராம்/மில்லிலீற்றரும் நானோகிராம்/லீற்றரும் ஒரே அளவுதான்; அதில் பதற்றம் வேண்டாம்.

ஊசியில்லாத இரண்டு வழிகள்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எப்படியும் செய்யப்படும். அதோடு எம்.ஆர்.எஸ். என்ற நிறமாலை அளவீட்டையும் கேட்டால் மூளைத் திசுவிலும் மூளையறை நீரிலும் உள்ள லக்டேட்டைத் தோலில் கீறலில்லாமல் பார்க்கலாம். மூளையறையில் இப்படி அளந்த லக்டேட், மெலாஸ் நோயாளிகளின் நரம்புக் குறைபாட்டின் அளவோடு ஒத்துப்போவதை நியூ யோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2004இலேயே காட்டியது. நிறமாலை வரைபடத்தில் லக்டேட் 1.33 பி.பி.எம். என்ற இடத்தில் இரட்டைக் கூராகத் தெரியும். கருவியில் அமைக்கும் எதிரொலி நேரம் 135-144 மில்லிசெக்கனாக இருந்தால் அது தலைகீழாகும். கொழுப்பு அப்படித் தலைகீழாகாது என்பதால் இரண்டையும் பிரித்தறியலாம். 3 டெஸ்லா கருவியில் 144இல் சமிக்ஞை ஓரளவு மறைந்துபோகலாம். 288இலும் ஒரு தடவை எடுக்கச் சொல்வது நல்லது. எம்.ஆர்.எஸ். தானாக வராது. கோரிக்கைப் படிவத்தில் அதையும், மூளையின் எந்த இடத்தை அளப்பது என்பதையும் எழுத வேண்டும். பிள்ளைக்கு மயக்கம் கொடுத்து ஸ்கேன் செய்வதென்றால் முள்ளந்தண்டு ஊசியையும் அதே மயக்கத்தில் முடித்துவிடுங்கள். இழைமணி நோயுள்ள பிள்ளையை இரண்டு தடவை பட்டினி போட்டு மயக்குவது தவிர்க்கக்கூடிய ஆபத்து.

மரபணுப் பரிசோதனை கொழும்பிலிருந்து செய்வதற்கு மற்றெல்லாவற்றையும் விட இலகு. டி.என்.ஏ. வெப்பத்தைத் தாங்கும், உலர் ஐஸ் வேண்டியதில்லை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு கின்சி வீதியிலேயே இருக்கிறது. மரபணு ஆலோசனைக்கு அங்கே தொடங்கலாம். எம்.3243 விகாரத்துக்கு இரத்தத்தை மட்டும் அனுப்பாதீர்கள். வயது ஏற ஏற இரத்தத்தில் விகாரத்தின் பங்கு குறைந்துகொண்டே போகும்; நடுத்தர வயதில் இரத்தம் “இல்லை” என்று சொல்லியும் சிறுநீர்க் கலங்களில் தெளிவாக இருக்கலாம். ஒரு குவளை சிறுநீர் அந்தச் சிக்கலைத் தீர்க்கும். கேர்ன்ஸ்-சேயரில் டி.என்.ஏ. துண்டிழப்பு இரத்தத்தில் தெரியாமல் தசையில் மட்டும் தெரிவதுண்டு. சிகிச்சையை மாற்றும் தகவலும் மரபணுவில்தான் அதிகம். பி.ஓ.எல்.ஜி. என்று தெரிந்தால் வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் வல்புரோவேட்டை அடியோடு தவிர்க்க வேண்டும், அது ஈரலைச் செயலிழக்கச் செய்து உயிரைப் பறிக்கும்.

எடுப்பதென்று தீர்மானித்தால்

முதல் பயம் கால் விளங்காமல் போய்விடும் என்பது. முண்ணாண் பெரியவர்களில் இடுப்பின் முதலாம் இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் இடையில். நீர் வற்றிப்போகும் என்ற பயமும் உண்டு. உடல் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் சுரக்கிறது. பெரியவரிடம் 10-12 மில்லிலீற்றர் எடுத்தால் ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் ஈடாகிவிடும். உண்மையான தொல்லை தலையிடி: எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். 2018இல் வெளியான பெரிய தொகுப்பாய்வில் வழமையான வெட்டுமுனை ஊசியில் 100க்கு 11 பேருக்கும், பென்சில் முனை ஊசியில் 4 பேருக்கும் அது வந்தது. பென்சில் முனை ஊசி இருக்கிறதா என்று கேளுங்கள். நாள் முழுக்கப் படுத்திருப்பது தலையிடியைத் தடுக்காது.

ஊசிக்கு முன் நான்கைப் பார்க்க வேண்டும். மூளை அழுத்தம் கூடியிருக்கிறதா என்று ஸ்கேன், குருதிச் சிறுதட்டுக்கள் 50,000க்கு மேல் இருக்கின்றனவா, இரத்தம் உறையாமைக்கு மருந்து போகிறதா, ஈ.சி.ஜி.யில் கடத்தல் தடை இருக்கிறதா. கடைசியை மறந்துவிட்டு கேர்ன்ஸ்-சேயர் நோயாளிக்கு மயக்கம் கொடுப்பது பேராபத்து. காலைப் பட்டியலில் முதலாவதாகப் போடச் சொல்லுங்கள். பட்டினி நீண்டால் டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சேலைன் ஓட வேண்டும். லக்டேட் உள்ள ஹார்ட்மன்ஸ் சேலைன் வேண்டாம். கீட்டோன் உணவில் இருக்கும் பிள்ளை, பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் குறைபாடுள்ள பிள்ளை ஆகியோருக்கு டெக்ஸ்ட்ரோஸும் கேட்டுத்தான். புரொபொஃபோல் என்ற மயக்க மருந்தை ஒரு தடவை சிறிதாகக் கொடுப்பதும் மணித்தியாலக்கணக்கில் ஓடவிடுவதும் ஒன்றல்ல, இரண்டாவதைத் தவிர்ப்பார்கள்.

மாதிரி கெட்டுப்போவது பெரும்பாலும் ஊசி போட்ட பிறகுதான். கட்டில் பக்கத்தில் ஒரு தட்டில் குழாய்களை இலக்கமிட்டு வரிசையாக வையுங்கள். ஃபோலேட் குழாய்கள் அந்த ஆய்வுகூடம் தந்த வரிசையிலேயே முதலில் நிரப்பப்பட வேண்டும், ஏனென்றால் முதல் துளியிலும் பத்தாம் மில்லிலீற்றரிலும் சில பொருள்களின் செறிவு ஒன்றாக இருக்காது. வெளிச்சம் படாமல் ஃபொயிலில் சுற்றி, அந்த இடத்திலேயே உலர் ஐஸில் உறையவைத்து, மைனஸ் 80 பாகையில் சேமிக்க வேண்டும். இரத்தம் கலந்திருந்தால் உறையவைக்கும் முன் சுழற்றித் தெளிந்ததை வேறாக்க வேண்டும். உறைந்தால் செங்குழியங்கள் வெடித்து உள்ளிருப்பது கலந்துவிடும். லக்டேட்டுக்கு ஃபுளோரைட் உள்ள சாம்பல் மூடிக் குழாய், ஐஸ் தண்ணீரில். கொழும்பு வெயிலில், பொரளைச் சந்தி நெரிசலில் த்ரீவீலரில் அரை மணித்தியாலம் கிடக்கும் சாதாரணக் குழாயின் முடிவை நம்ப முடியாது. கல எண்ணிக்கைக் குழாய் ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணோக்கிக்குப் போக வேண்டும். என்.எஃப்.எல். இவற்றோடு பார்த்தால் உறுதியானது, அறை வெப்பத்திலும் சில நாள் தாங்கும். டாவ் புரதம் பொலிஸ்டைரீன் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பொலிபுரொப்பிலீன் குழாயே வேண்டும்.

அரச வைத்தியசாலையில் ஊசிக்கும் அடிப்படைப் பரிசோதனைகளுக்கும் கட்டணமில்லை. சிறப்பு அளவுகளுக்கு மாதிரி வெளிநாடு போக வேண்டிவரும் என்ற கணக்கோடே திட்டமிடுங்கள். கூரியர் செலவையும் சேர்த்து எழுத்தில் விலை கேளுங்கள். பெட்டியில் யூ.என். 3373 என்று உயிரியல் மாதிரிக்கும், யூ.என். 1845 என்று உலர் ஐஸுக்கும் அடையாளம் வேண்டும். ரெஜிஃபோம் பெட்டியில் உலர் ஐஸ் ஒரு நாளைக்கு 2 முதல் 4 கிலோ ஆவியாகும். மூன்று நாள் பயணம் என்றால் 12 கிலோவுக்குக் குறையாமல் போடுங்கள். பெட்டி காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டால் வெடிக்கும். திங்கட்கிழமை அனுப்புவதே நல்லது, அந்த வாரம் போயா விடுமுறை இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

யாருக்கு எது

வளர்ச்சி பின்வாங்கும் பிள்ளை, ஸ்கேனில் மூளையின் அடிக்கருக்களில் இருபுறமும் ஒத்த பாதிப்பு: பிள்ளைகளில் வரும் இழைமணி நோயான லீ நோய் என்ற சந்தேகம். இங்கே முள்ளந்தண்டு நீரை நாங்கள் ஆதரிக்கிறோம். குளுக்கோஸ், லக்டேட், புரதம், கலங்கள், ஃபோலேட், அமினோ அமிலங்கள், அனைத்தும் ஒரே ஊசியில். ஆனால் முடிவுகளுக்குக் காத்திராமல் தயமினும் பயோட்டினும் உடனே தொடங்க வேண்டும். இதே தோற்றத்தில் வரும் எஸ்.எல்.சி.19.ஏ.3 மரபணு நோய் அந்த இரண்டு விற்றமின்களுக்குக் கட்டுப்படும், தாமதித்தால் இழந்தது திரும்பாது.

நீரிழிவும் காது மந்தமும் உள்ள 30களிலிருக்கும் பெண், தாய்க்கும் அதே இரண்டும், இப்போது வலிப்போடு மூளையின் பின்பக்கத்தில் இரத்தக்குழாய் எல்லைகளுக்கு ஒத்துப்போகாத பாதிப்பு: சிறுநீரில் எம்.3243 பரிசோதனைதான் முதலிடம். ஊசியின் நோக்கம் ஹேர்ப்பிஸ் மூளையழற்சியை விலக்குவது. அது விலகும் வரை அதற்கான மருந்தான அசைக்ளோவிரை நிறுத்தக்கூடாது. லக்டேட் அதோடு சேர்ந்து வரட்டும். என்.எஃப்.எல். இந்த நேரத்தில் வேண்டாம்.

கண்ணிமை சரிந்த பதின்ம வயதுப் பிள்ளைக்கு, ஈ.சி.ஜி. பார்த்து இருதய வைத்தியர் சம்மதித்த பின், புரதத்துக்கும் ஃபோலேட்டுக்குமாக ஊசி போடத்தான் வேண்டும்.

நோய் ஏற்கெனவே உறுதியாகி, நிலைமை எப்படிப் போகிறது என்று மட்டும் அறிய விரும்புபவருக்கு முள்ளந்தண்டு ஊசி வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை, ஒரே ஆய்வுகூடத்தில், அதே நாளில் கிரியட்டினினும் உடல் நிறையும் குறித்து, இரத்த என்.எஃப்.எல். அதுவும் விருப்பமும் வசதியும் இருந்தால் மட்டும். நடை, பேச்சு, வலிப்பு எண்ணிக்கை ஆகியவற்றை ஒழுங்காகக் குறித்துவைப்பது அதற்குக் குறைந்ததல்ல.

எந்த வகையில் எடுத்தாலும், 1-2 மில்லிலீற்றர் நீரைத் தனியாக மைனஸ் 80 பாகையில் வைத்துவிடச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து மரபணு முடிவு வந்து புதிய கேள்வி எழும்போது இரண்டாம் ஊசி தேவைப்படாது. எடுத்த திகதி, கடைசி வலிப்பின் நேரம், எந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் டயக்னோசிஸ் கார்ட்டில் எழுதச் சொல்லி, வீடு திரும்பும் முன் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.